கரையைத் தள்ளு

திருவொற்றியூர்
4 மார்ச் 2024

வினிதாவுக்கு, உன் அண்ணன் பாஸ்கர்.

கடிதத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நமக்கு போன் ஒத்துவராது. நான் கத்துவேன், நீ கட் பண்ணுவாய், பிறகு நாலு நாளைக்கு அம்மா என்னிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். கடிதம் என்றால் முழுசாகப் படித்துவிட்டுத்தான் நீ சண்டைக்கு வரமுடியும்.

எண்ணூர் முகத்துவாரத்தில் நம் தம்பி சுயம்புவின் படகு கவிழ்ந்தபோது, விஷயம் தெரிந்து நாங்கள் ஃபைபர் படகில் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இனி யார் வீட்டிலும் அப்படி ஆகக்கூடாது என்று ஊர் கூடி ஒரு வேகப் படகு வாங்கியிருக்கிறது. ஈ.சி.ஆரில் மூடிப்போன ஏதோ கிளப்பின் படகு. பின்னால் இரண்டு பெரிய இன்ஜின். கிளம்பினால் காது அடைத்துக்கொள்ளும். பக்கவாட்டில் 'சுயம்பு' என்று பெயர் எழுதியாயிற்று. ஓட்டுவது நான். முன்னால் நின்று கடல் பார்த்துச் சொல்வது என் மச்சான் திலீப்.

தொல்லை என்னவென்றால் ஸ்டியரிங். பழைய கேபிள் போட்டது, உப்பில் இறுகிப்போய்க் கிடக்கிறது. திலீப் ஒருநாள் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னா மாமா, இது ஸ்டியரிங்கா இல்ல மாவாட்ற கல்லா? தோளு கழண்டுகினு போவுது" என்றான். கல்மண்டபம் மெக்கானிக் பக்ருதீன் பாய் இதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஹைட்ராலிக் மாட்டச் சொல்கிறார். அதிலே பத்து வகை இருக்கிறதாம். நீ கொச்சியில் அதே வேலைதானே பார்க்கிறாய்? எதை வாங்குவது என்று எழுது. அம்மா நன்றாக இருக்கிறாள். மீன் விற்கக் காசிமேட்டுக்குப் போகாதே என்றால் கேட்பதில்லை. நம் வீட்டில் பெண்கள் யார்தான் என் பேச்சைக் கேட்டார்கள்?

பாஸ்கர்


கொச்சி
11 மார்ச் 2024

அண்ணா,

முழுசாகப் படித்துவிட்டேன். சண்டைக்கு இன்னும் வரவில்லை.

பக்ருதீன் பாய் சொன்னது சரி. அந்த வேகத்துக்குக் கேபிள் ஆகவே ஆகாது. ஹைட்ராலிக்கில் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு பம்ப் இருக்கும். நீ திருப்பினால் அது ஆயிலைத் தள்ளும், ஆயில் போய்ப் பின்னால் இருக்கும் சிலிண்டரைத் தள்ளும், சிலிண்டர் இன்ஜினைத் திருப்பும். இரண்டு இன்ஜின் என்பதால் இரண்டு சிலிண்டர் போடு, ஒன்றில் சமாளிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே.

யோசிக்க வேண்டியது பம்பைத்தான். ஒன்று வேகப் பம்ப், சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பினாலே படகு வெடுக்கென்று திரும்பும். இன்னொன்று நிதானப் பம்ப், நிறைய சுற்ற வேண்டும், படகு மெல்லத் திரும்பும். நீ நிதானத்தை வாங்கு. காரணம் சொல்கிறேன், கோபப்படாதே. நம் ஃபைபர் படகில் இன்ஜினின் கைப்பிடியைக் கரைப்பக்கம் தள்ளினால் படகு கடல்பக்கம் திரும்பும். சக்கரம் அப்படி இல்லை. எந்தப் பக்கம் திருப்புகிறாயோ அந்தப் பக்கம்தான் போகும். உன் கை மீசை முளைக்கும் முன்பிருந்தே கைப்பிடிக்குப் பழகிய கை. சும்மா போகும்போது ஒன்றும் ஆகாது. பதற்றத்தில் கை பழைய பாடத்தைத்தான் ஒப்பிக்கும்.

நான் இங்கே தினமும் சோதனை ஓட்டத்துக்குப் படகு ஓட்டுகிறேன். கைப்பிடியை நான் பிடித்ததே இல்லை, அதனால் எனக்கு அந்தக் குழப்பம் கிடையாது. மே மாதம் லீவு போட்டு வருகிறேன். முதல் மாதம் நான் ஓட்டுகிறேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து பழகு. சுயம்பு எனக்கும் தம்பிதான்.

வினிதா


திருவொற்றியூர்
18 மார்ச் 2024

வினிதா,

உன் கடிதத்தைத் திலீப்புக்கும் படித்துக் காட்டினேன். அவன், "வரட்டுமே மாமா, நல்லதுதானே" என்றான். அவன் எப்போதும் உன் கட்சிதான்.

நான் சொல்வதைக் கேள். நம் குப்பத்தில் பெண் படகு ஏறியது கிடையாது. நீ கொச்சியில் ஏறு, கோவாவில் ஏறு, நான் கேட்கப்போவதில்லை. இங்கே ஏறினால் ஊரில் நான் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது? "பாஸ்கருக்கு ஓட்டத் தெரியல, தங்கச்சியக் கூட்டிகினு வந்துட்டான்" என்று டோல்கேட் வரைக்கும் பேசுவார்கள். ஆடி மாதத்துக் கடலில் ஆள் மீட்டவன் நான். எனக்கு இடது வலது சொல்லிக்கொடுக்கிறாயா?

பம்ப் விஷயத்திலும் நீ சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தண்ணீரில் ஒருத்தன் மூழ்கிக்கொண்டிருக்கும்போது நான் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்க முடியாது. சுயம்புவைத் தேடி நாங்கள் போனது நிதானமாகத்தான். வேகப் பம்பையே அனுப்பு. சிலிண்டர் இரண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன்.

சின்ன வயதிலிருந்தே சொன்ன பேச்சைக் கேட்காதவள் நீ. இதையாவது கேள்.

பாஸ்கர்


கொச்சி
2 ஏப்ரல் 2024

அண்ணா,

நீ கேட்ட வேகப் பம்பையே லாரியில் போட்டிருக்கிறேன். மனசில்லாமல்தான் போட்டேன். சுயம்புவின் பெயரைச் சொல்லிவிட்டாய், அதற்கு மேல் எனக்கு வாதாடத் தெரியவில்லை.

ஆயில் ஊற்றும்போது குழாயில் காற்று நின்றுவிடக் கூடாது. பக்ருதீன் பாயிடம் சொல், காற்று முழுசாக வெளியேறும் வரை பொறுமையாக இருக்கட்டும். முதல் மாதம் பாதி வேகத்துக்கு மேல் போகாதே.

லீவை ரத்து செய்துவிட்டேன். ஊருக்கு வந்து கரையில் நின்று வேடிக்கை பார்க்க எனக்கு விருப்பமில்லை.

வினிதா


திருவொற்றியூர்
20 மே 2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் வாயில் சர்க்கரை போட வேண்டும். சாமான் என்றால் இதுதான் சாமான்! பக்ருதீன் பாய் மாட்டி முடித்துவிட்டு, "உன் தங்கச்சி ஆளு கில்லாடிப்பா, ஒரு போல்ட்டு கூட வித்தியாசம் இல்ல" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பழைய கேபிள் நாம் திருப்பினாலும் கொஞ்ச நேரம் முரண்டு பிடித்துவிட்டுத்தான் திரும்பும். இது நினைத்தவுடனே திரும்புகிறது. போன வாரம் காலடிப்பேட்டையைச் சேர்ந்த காலேஜ் பையன் ஒருவன் குளிக்கப் போய் அலையில் சிக்கிக்கொண்டான். நானும் திலீப்பும் போய்த் தூக்கினோம். அவன் அம்மா என் காலில் விழப் பார்த்தாள். எனக்குச் சுயம்பு ஞாபகம் வந்து, படகில் ஏதோ வேலை இருப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

கை குழம்பும் என்று பயமுறுத்தினாயே, ஒன்றும் குழம்பவில்லை. பாதி வேகம் என்றாய். அவசரத்துக்குப் போகிறவன் பாதி வேகத்தில் எப்படிப் போவான்? அதைப் பற்றிக் கவலைப்படாதே. பொங்கலுக்கு வா. படகைக் காட்டுகிறேன்.

பாஸ்கர்


கொச்சி
15 ஜூலை 2024

அண்ணா,

நீ எழுதுவாய் என்று காத்திருந்தேன். மூன்று வாரம் ஆகிறது. போனும் எடுக்கவில்லை. அம்மா சொல்லித்தான் எல்லாம் தெரிந்தது.

முகத்துவாரத்தில் கவிழ்ந்த படகிலிருந்து இரண்டு பேரை உயிரோடு எடுத்தீர்களாம். திரும்பி வரும்போது, கடல் அரிக்காமல் இருக்கக் கரையிலிருந்து கடலுக்குள் நீளமாகக் கொட்டிவைத்திருக்கும் தூண்டில் வளைவுக் கல்லில் நம் படகு மோதிவிட்டதாம். முன்னால் நின்ற திலீப்பின் கால் நசுங்கிவிட்டதாம். இனி அவன் கடலுக்குப் போக முடியாதாம்.

ஊர்க் கூட்டத்தில் ஸ்டியரிங்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டார்களாம். காசிமேட்டில் அம்மா கூடையை இறக்கியதுமே ஒருத்தி, "உம் பொண்ணு அனுப்ச்ச சாமான்தானே திலீப்பு காலை வாங்கிச்சி?" என்று கேட்டாளாம். அம்மா மீனை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாளாம். அந்தக் கூட்டத்தில் நீ முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாயாமே. ஒரு வார்த்தை பேசவில்லையாமே.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். குழாய் கசிந்ததா? காற்று நின்றிருந்ததா? சிலிண்டர் போல்ட் கழன்றதா? நான் தேர்ந்தெடுத்த சாமானால்தான் அவன் கால் போனதென்றால் அதை நான்தான் சுமக்க வேண்டும், சுமக்கிறேன். ஆனால் தெரிந்து சுமக்க வேண்டும். இங்கே நான் மாட்டிய படகு ஒவ்வொன்றையும் மறுபடி கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சூப்பர்வைசர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். என் கை மேல் எனக்கே நம்பிக்கை போய்விட்டது.

ஒரு வரி எழுது அண்ணா. திட்டியாவது எழுது.

வினிதா


திருவொற்றியூர்
9 ஆகஸ்ட் 2024

வினிதா,

குழாய் கசியவில்லை. காற்றும் நிற்கவில்லை. படகைக் கரையேற்றிய அன்றே பக்ருதீன் பாய் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டு என்னை ஓரமாக அழைத்துச் சொன்னார்: "ஸ்டியரிங்ல ஒரு கொறையும் இல்ல பாஸ்கரு. நீ எந்தப் பக்கம் திருப்பனியோ அந்தப் பக்கம்தான் போயிகீது." அது தெரிந்துதான் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தன் ஸ்டியரிங் மேல் பழி போட்டான், எல்லோரும் ஆமாம் என்றார்கள். என் நாக்கு அசையவில்லை. உன் பெயர் அடிபட்டபோதும் அசையவில்லை. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

நடந்தது இதுதான். முகத்துவாரத்திலிருந்து தெற்கே திரும்பி வந்துகொண்டிருந்தோம். கரை எனக்கு வலப்பக்கம். கல்லை நெருங்கும்போது அதன் மறைவிலிருந்து ஒரு ஃபைபர் படகு குறுக்கே வந்தது. கடல்பக்கம் ஒதுங்க வேண்டும். முன்னால் நின்ற திலீப் கத்தினான்.

"கரையைத் தள்ளு! கரையைத் தள்ளு!"

இதைச் சொல்லித்தானே நம் குப்பத்தில் எல்லோருக்கும் படகு பழக்குவார்கள்? கைப்பிடியைக் கரைப்பக்கம் தள்ளு, படகு கடலுக்குத் திரும்பும். அப்பா எனக்கு அப்படித்தான் சொன்னார், நான் சுயம்புவுக்குச் சொன்னேன். அந்தச் சொல் காதில் விழுந்ததும் என் இரண்டு கையும் சக்கரத்தைக் கரைப்பக்கம் திருப்பிவிட்டன. பழைய கேபிளாக இருந்தால் முரண்டு பிடித்திருக்கும், அந்த நேரத்தில் எனக்குப் புத்தி வந்திருக்கும். நான் கேட்டு வாங்கிய வேகப் பம்ப் சொன்னபடி கேட்டது. நேராகக் கல்.

திலீப் என்ன சொல்கிறான் தெரியுமா? "நான்தான் மாமா கத்தனேன். எம் மேலதான் தப்பு" என்கிறான். படுக்கையில் கிடந்துகொண்டு எனக்கு ஆறுதல் சொல்கிறான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நேராகப் போய் ஊர்த் தலைவர் சண்முகவேலிடம் மறுபடி கூட்டம் போடச் சொன்னேன். நேற்று கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் எச்சரிக்கையையும் சொன்னேன், நான் உன்னை வராதே என்றதையும் சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். சொல்லாமல் எழுதியிருந்தால் நீ கிழித்துப்போட்டிருப்பாய்.

தலைவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப யாருதான் ஓட்றது? நம்ம ஆம்பளைங்க அத்தினி பேரு கையும் ஒரே கைதானே" என்றார். கூட்டத்துக்கு வெளியே நின்ற அம்மாதான் சத்தமாகச் சொன்னாள்.

"எம் பொண்ணு கை கைப்பிடியைத் தொட்டதே இல்ல. நீங்கதான் தொட வுடலியே!"

ஊர் உன்னைக் கூப்பிடுகிறது. கூப்பிட எனக்கு முகம் இல்லை. அதனால் ஊர் கூப்பிடுகிறது என்று எழுதுகிறேன்.

பாஸ்கர்


கொச்சி
1 செப்டம்பர் 2024

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு வந்தது நிம்மதி. என் கை சுத்தம் என்ற நிம்மதி. உடனே திலீப்பின் ஞாபகம் வந்து அந்த நிம்மதியை நினைத்து வெட்கப்பட்டேன்.

நீ பேசாமல் உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். பிறகு எழுந்து நின்று சொன்னாயே, அதையும் மறக்க மாட்டேன். இப்போதைக்கு இவ்வளவுதான் என்னால் முடியும்.

ஆனால் உன்னை மட்டும் திட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. குழாயின் நீளத்தைக் கணக்குப் பார்த்தேன், ஆயிலைக் கணக்குப் பார்த்தேன், உன் கை என்ன செய்யும் என்றுகூட யோசித்தேன். அந்த ஒரு சொல் எனக்குத் தோன்றவே இல்லை. பிறந்ததிலிருந்து கேட்ட சொல். சாயங்காலம் படகுகள் திரும்பும்போது நானும் கரையில் நின்றுகொண்டு, அர்த்தம் தெரியாமலே "கரையைத் தள்ளு" என்று கத்தியிருக்கிறேன். 'முதலில் அந்தச் சொல்லை மாற்றுங்கள்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் திலீப் இன்று நடந்துகொண்டிருப்பான். இங்கே வேலை செய்யும்போதெல்லாம் இதுதான் மனசில் ஓடுகிறது.

படகைச் சரிசெய்யச் சொல். அக்டோபர் கடைசியில் வருகிறேன். வேகப் பம்பைக் கழற்றிவிட்டு நிதானப் பம்ப் போடுவேன், அதில் பேச்சே கிடையாது. முன்னால் நிற்கிறவர் இனி எதையும் தள்ளச் சொல்லக் கூடாது. படகு எங்கே போக வேண்டுமோ அதை மட்டும் சொல்ல வேண்டும். 'கடல்' அல்லது 'கரை'. எல்லோரும் இப்போதிலிருந்தே சொல்லிப் பழகட்டும். திலீப்பின் மனைவி ஸ்கூட்டர் ஓட்டுவாளே, அவளுக்குப் பயம் இல்லையென்றால் அவளுக்கும் பழக்குகிறேன்.

உனக்காக வரவில்லை. திலீப்புக்காக வருகிறேன், படகில் எழுதியிருக்கும் பெயருக்காக வருகிறேன்.

வினிதா


திருவொற்றியூர்
17 நவம்பர் 2024

வினிதா,

சௌகரியமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று அம்மா சொன்னாள். சென்ட்ரலில் உன்னை ரயிலேற்றும்போது உன்னிடம் சொல்ல நினைத்தது ஒன்று. பையைக் கொடுத்தேன், தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன், அது மட்டும் வாயில் வரவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

நீ இங்கே இருந்த நாளெல்லாம் 'கடல்', 'கரை' என்று சொல்லிச் சொல்லிப் பழகினேன். வீட்டில் சாப்பிடும்போதுகூட அம்மா, "கரை!" என்று சொல்லிக் குழம்புச் சட்டியை என் பக்கம் தள்ளுவாள். எனக்கு நன்றாகவே வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அன்றைக்கு இன்ஜின் நின்றுபோன படகைத் தேடி நாம் போனபோது, முன்னால் திலீப் நின்ற இடத்தில் நான் நின்றேன். நீ சக்கரத்தில். மழைத் தூறல். திடீரென்று எதிரே, கரைப்பக்கமாக, அந்தப் பெரிய மரத் துண்டு மிதந்து வந்தது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது.

"கரையைத் தள்ளு!"

நீ படகைக் கடல்பக்கம் திருப்பினாய். மரம் நம்மை உரசாமல் கடந்து போனது. நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் படகில் இருந்த மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு வந்தோம். ஊரே உன்னைச் சூழ்ந்துகொண்டு நின்றது. நான் போய்த் திலீப்பின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு அதே கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான். நடந்ததைச் சொன்னேன்.

"முன்னாடியே உன் தங்கச்சி படகு ஏறிகீணும் மாமா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்தது.

அவன் மனைவி தினமும் வந்து சக்கரம் பிடித்துப் பழகுகிறாள். அவளை ஏற்றிவிட்டு அவன் கரையில் நிற்கிறான். கடலைப் பார்க்கிறான், பிறகு வீட்டுக்குப் போய்விடுகிறான். அந்த நேரத்தில் நான் ஏதாவது வேலை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போவதில்லை.

சின்ன வயதிலிருந்து உன்னை நான் திட்டிய திட்டு ஒன்றே ஒன்றுதான். சொன்ன பேச்சைக் கேட்க மாட்டாய் என்பேன். அன்றைக்குப் படகில் நான் சொன்னதை நீ கேட்டிருந்தால் மூன்று பேர் வீட்டில் இப்போது அழுதுகொண்டிருப்பார்கள்.

மார்ச் மாதம் நீ சொன்னதை நான் கேட்டிருக்கலாம், வினிதா.

உன் அண்ணன்
பாஸ்கர்